மூணு பாயின்ட் வித்தியாசம், ஒரு தப்பான டார்கெட்: க்ரீட்மோர் பண்ணையின் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)



ஷூட்டிங் கேம் ஆடுறவங்க, துப்பாக்கி பத்தின வீடியோ பார்க்குறவங்க கண்ணுல ‘6.5 க்ரீட்மோர்’னு ஒரு பேர் பட்டிருக்கும். ரொம்ப தூரத்துல இருக்கிற டார்கெட்டைச் சுடுறதுக்குன்னே 2007ல ஹார்னடி கம்பெனி கொண்டுவந்த தோட்டா அது. க்ரீட்மோர்னா யாரோ ஒரு இன்ஜினியர் பேரா இருக்கும்னு நினைச்சிருப்பீங்க. இல்லை. அது ஒரு பண்ணையோட பேர். நியூயார்க்ல, குவீன்ஸ் பகுதியில இருந்த ஒரு பண்ணை.

ஒரு விவசாயப் பண்ணையோட பேர் எப்படித் தோட்டா மேல ஏறுச்சு? அங்கே சில இரும்புப் பலகைகளை நட்டு வெச்சாங்க. அவ்வளவுதான். ஆனா அந்தப் பலகைகளை நடுறது எவ்வளவு பெரிய வேலை, அதனால யார் ஜெயிச்சாங்க, யார் தோத்தாங்க, கடைசியில அந்தப் பலகைகளை யார் பிடுங்க வெச்சாங்க... இதுதான் இன்னைக்கு நம்ம கதை.

முதல்ல தூரத்தைப் புரிஞ்சுக்குவோம். நாம பேசப்போற போட்டியோட கடைசி தூரம் 1000 கெஜம், அதாவது 914 மீட்டர். ஒரு கிரிக்கெட் பிட்ச் 22 கெஜம். 45 பிட்ச்சை வரிசையா வெச்சாத்தான் இந்தத் தூரம் வரும். அந்தக் கோடியில 3 அடி அகலத்துல ஒரு கறுப்புக் கட்டம். அது கண்ணுக்கு எவ்வளவு பெருசா தெரியும்? ஒரு ரூபாய் காசை ஸ்டம்ப்புல ஒட்டிட்டு, பிட்ச்சோட அடுத்த முனையில வந்து நின்னு பாருங்க. ஏறக்குறைய அவ்வளவுதான். அதைக் குறிபார்த்துச் சுடணும். அதுவும் டெலஸ்கோப் இல்லாம, வெறும் இரும்புக் குறிமுனையை வெச்சு.

டென்னிஸுக்கு முன்னால் விம்பிள்டன்

கதை நியூயார்க்ல ஆரம்பிக்கலை. லண்டன் பக்கம் ஆரம்பிக்குது.

1859ல் பிரிட்டனில் ஒரு பயம் பரவியது. பிரான்ஸ் படையெடுத்து வரலாம் என்ற பயம். ஊர் ஊராகப் பொதுமக்கள் தொண்டர் படைகளில் சேர்ந்தார்கள். ஆள் வந்தாச்சு, துப்பாக்கியும் வந்தாச்சு. ஆனா சுடத் தெரியணுமே? அதற்காக அதே ஆண்டு தேசிய ரைஃபிள் சங்கம் தொடங்கப்பட்டது. 1860 ஜூலையில் அதன் முதல் போட்டி நடந்தது. இடம், விம்பிள்டன் காமன். விம்பிள்டன்னு சொன்னா நமக்கு டென்னிஸ்தான் ஞாபகம் வரும். அங்கே முதல் டென்னிஸ் சாம்பியன்ஷிப் நடந்ததே 1877லதான். அதுக்கு 17 வருஷம் முன்னாடியே அந்த ஊர்ல துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கிட்டு இருந்தது.

முதல் குண்டைச் சுட்டது யார் தெரியுமா? விக்டோரியா மகாராணி. அவருக்காக ஒரு விட்வொர்த் ரைஃபிளை இரும்புத் தாங்கியில் பொருத்தி, ஏற்கனவே குறிபார்த்து இறுக்கி வைத்திருந்தார்கள். ராணி ஒரு பட்டுக் கயிற்றை இழுத்தார், அவ்வளவுதான். 400 கெஜ தூரத்தில் இருந்த டார்கெட்டின் நட்டநடுவிலிருந்து சுமார் ஒன்றரை அங்குலத்தில் குண்டு பட்டது. துப்பாக்கி எவ்வளவு துல்லியமானது என்று ஊருக்கே காட்டிய விளம்பரம் அது.

இப்போ நிலத்துக்கு வருவோம். ‘காமன்’ என்றால் ஊர்ப்பொது நிலம் மாதிரிதான் தெரியும். மக்கள் மாடு மேய்ப்பார்கள், விறகு பொறுக்குவார்கள், நடப்பார்கள். நம்ம ஊர் மேய்க்கால் புறம்போக்கு மாதிரி. ஆனா ஒரு பெரிய வித்தியாசம். சட்டப்படி அதுக்கு ஒரு தனி உரிமையாளர் உண்டு. விம்பிள்டன் காமனின் உரிமையாளர் ஸ்பென்சர் பிரபு. இளவரசி டயானா பிறந்த அதே ஸ்பென்சர் குடும்பம்தான். 1864ல் அந்த நிலத்தின் ஒரு பகுதியை விற்று, மீதியை வேலி போட்டுப் பூங்காவாக்க அவர் ஒரு திட்டம் போட்டார். அக்கம்பக்கத்து மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இழுபறிக்குப் பிறகு 1871ல் தனிச் சட்டமே வந்தது. நிலம் பொதுமக்களுக்காகக் காப்பாற்றப்பட்டு, பாதுகாவலர் குழுவின் கைக்குப் போனது.

இதை ஏன் சொல்றேன்னா, ஒரு டார்கெட்டை நடுறவங்களுக்கு வர்ற முதல் கேள்வி ‘எங்கே நடுறது’ங்கிறது இல்லை. ‘இந்த நிலம் யாருது, இதுல வேற யார் நடமாடுறாங்க’ங்கிறதுதான். இந்தக் கேள்வியை ஞாபகம் வெச்சுக்கோங்க. கடைசியில திரும்ப வரும்.

ஒரு பண்ணை விலைக்கு வருது

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் 1865ல் முடிந்தது. போரில் இருந்த பல அதிகாரிகளுக்கு ஒரு உறுத்தல். நம்ம படைவீரர்களில் பெரும்பாலானவர்களுக்குக் குறிபார்த்துச் சுடவே தெரியலையே என்று. அப்படி யோசித்தவர்களில் இருவர் வில்லியம் கோனன்ட் சர்ச், ஜார்ஜ் விங்கேட். 1871 நவம்பரில் இவர்கள் நியூயார்க்கில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் பேரும் தேசிய ரைஃபிள் சங்கம்தான், ஆங்கிலச் சுருக்கத்தில் என்.ஆர்.ஏ. ஆமா, இன்னைக்கு அமெரிக்க அரசியல்ல துப்பாக்கிச் சட்டம்னு பேச்சு வந்தாலே அடிபடுற அதே அமைப்பு. ஆரம்பத்துல அதோட வேலை குறிபார்க்கச் சொல்லிக்கொடுக்கிறது மட்டும்தான்.

சொல்லிக்கொடுக்க இடம் வேணும். நியூயார்க் நகரத்துக்குள்ள 1000 கெஜம் நீளத்துக்கு யாரும் நடமாடாத நேர்கோடு எங்கே கிடைக்கும்? தேடினதுல லாங் ஐலண்ட் பக்கம் க்ரீட் குடும்பத்தின் பேர் சொல்லும் ஒரு பண்ணை கண்ணில் பட்டது. அப்போது அது ஒரு ரயில் கம்பெனியின் கையில் இருந்தது. தட்டையான, மரங்கள் குறைவான நிலம். மாநில அரசு 25,000 டாலர் கொடுத்து உதவியது. 1872ல் பண்ணை கை மாறியது. அந்தப் பொட்டல்வெளியைப் பார்த்த கர்னல் ஹென்றி ஷா என்பவருக்கு இங்கிலாந்தின் ‘மோர்’ எனப்படும் திறந்தவெளி நிலங்கள் ஞாபகம் வந்தனவாம். க்ரீட் பண்ணை, க்ரீட்மோர் ஆனது. 1873 ஜூனில் சுடுதளம் திறக்கப்பட்டது.

பலகை நடுவது எப்படி

இப்போ நம்ம முக்கியமான விஷயம். ஒரு வெறும் வயலைச் சுடுதளமா மாத்த என்னென்ன வேணும்?

முதல் தேவை, திசை. பூமியின் வடபாதியில் சுடுதளம் அமைப்பவர்கள் முடிந்தவரை டார்கெட்டை வடக்குப் பக்கம் வைப்பார்கள். அப்போதுதான் வெயில் சுடுபவரின் கண்ணில் அடிக்காது, டார்கெட்டின் முகத்தில் விழும்.

இரண்டாவது, பின்னால் ஒரு தடுப்பு. டார்கெட்டைத் தவறவிட்ட குண்டு எங்கே போகும்? 1879ல் அமெரிக்க ராணுவம் நியூ ஜெர்சியின் சாண்டி ஹூக் கடற்கரையில் ஒரு சோதனை நடத்தியது. அன்றைய ராணுவ ரைஃபிளின் குண்டு 3500 கெஜத்தையும் தாண்டிப் போய் விழுந்தது. மூணு கிலோமீட்டருக்கும் மேல! நீங்க குறிவைக்கிறது 914 மீட்டர், குண்டு போகக்கூடியது அதைவிட மூணு மடங்கு. அதனால் டார்கெட்டுக்குப் பின்னால் உயரமான மண்மேடு எழுப்பியே ஆக வேண்டும். பலகைக்கு ஆகும் செலவைவிட மண்ணுக்கு ஆகும் உழைப்பு பெரிது.

மூன்றாவது, பலகை. க்ரீட்மோரின் முதல் டார்கெட்டுகள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த இரும்புப் பாளங்கள். தொலைதூரப் போட்டிக்கான டார்கெட்டின் அகலம் 12 அடி, உயரம் 6 அடி. ஒரு சின்ன அறையோட சுவர் அளவுக்கு இருக்கும். வெள்ளைப் பெயின்ட் அடித்த அந்தச் சுவரின் நடுவே 3 அடிச் சதுரத்தில் கறுப்புக் கட்டம். அதுதான் புல்ஸ்ஐ, 4 பாயின்ட். அதைச் சுற்றி 6 அடிச் சதுரம், அதில் பட்டால் 3. இரண்டு ஓரங்களிலும் மிச்சமிருக்கும் பகுதியில் பட்டால் 2. வெளியே போனால் முட்டை.

ஏன் இரும்பு? அடிக்கடி மாத்த வேண்டாம். அதோட, அது பேசும். ஈயக்குண்டு இரும்பில் மோதினால் ‘டங்’ என்று சத்தம் வரும், குண்டு நசுங்கி ஒரு சாம்பல் நிறக் கறை விழும்.

நான்காவது தேவையைத்தான் பலர் மறந்துடுவாங்க. ஆட்கள். 900 மீட்டருக்கு அப்பால் கறை எங்கே விழுந்தது என்று சுட்டவருக்கு எப்படித் தெரியும்? டார்கெட்டுகளின் காலடியில் பள்ளம் வெட்டி, அதற்குள் ஆட்களை உட்கார வைத்தார்கள். குண்டு பட்டதும் அவர்கள் ஒரு நீளக் கம்பில் பொருத்திய வட்டத் தட்டை உயர்த்திக் காட்டுவார்கள். எந்த நிறத் தட்டு என்பதை வைத்து எத்தனை பாயின்ட் என்று தெரிந்துகொள்ளலாம். வெள்ளைத் தட்டு வந்தால் புல்ஸ்ஐ. அப்புறம் கறை மேல் பெயின்ட் அடித்து அடுத்த குண்டுக்குத் தயார் செய்ய வேண்டும். தலைக்கு மேல ஈயம் பறக்கும், இவங்க கையில பெயின்ட் பிரஷ். போட்டி முடிஞ்சா கோப்பை இவங்களுக்குக் கிடையாது.

ஐந்தாவது, எண். டார்கெட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக நிற்கும், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எது உங்களுடையது என்று எண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம்தான் கதையைத் திருப்பப் போகுது.

அயர்லாந்து விடுத்த சவால்

1873ல் விம்பிள்டனில் எல்கோ கேடயப் போட்டி நடந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டையும் அயர்லாந்து அணி தோற்கடித்தது. தொலைதூரச் சுடுதலில் இனி நாம்தான் உலகத்தில் முதல் என்ற தெம்பு அவர்களுக்கு. அணித் தலைவர் மேஜர் ஆர்தர் லீச், அமெரிக்கத் துப்பாக்கி வீரர்களுக்கு ஒரு சவால் எழுதி நியூயார்க் ஹெரால்ட் பத்திரிகைக்கு அனுப்பினார். உங்க ஊருக்கே வந்து ஆடுறோம், தயாரா?

சவாலை ஏற்றுக்கொண்டது அமெச்சூர் ரைஃபிள் கிளப். தொலைதூரச் சுடுதல் அவர்களுக்குப் புதுசு. அனுபவம் இல்லை, அதற்கேற்ற துப்பாக்கியும் இல்லை. ரெமிங்டன், ஷார்ப்ஸ் என்ற இரண்டு துப்பாக்கிக் கம்பெனிகள் புது ரைஃபிள்களைச் செய்து கொடுக்க முன்வந்தன. இங்கே ஒரு டெக்னாலஜிச் சண்டையும் இருந்தது. அயர்லாந்துக்காரர்கள் வைத்திருந்தவை டப்ளினில் செய்த ரிக்பி ரைஃபிள்கள். குழாயின் முன்வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு இடிக்கும் பழைய முறை. அமெரிக்கர்களின் ரைஃபிள்களில் தோட்டாவைப் பின்பக்கமாகப் போடலாம். பின்பக்கம் திறக்கிற துப்பாக்கி இவ்வளவு தூரத்துக்குத் துல்லியமா சுடாது என்று நிபுணர்கள் பலர் அடித்துச் சொன்ன காலம் அது.

1874 செப்டம்பர் 26. க்ரீட்மோரில் ஆயிரக்கணக்கில் கூட்டம். ஒரு அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கெஜம் என மூன்று தூரங்கள். ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 15 குண்டு. எல்லாமே புல்ஸ்ஐ என்றால் அணியின் மொத்தம் 1080.

800 கெஜத்தில் அமெரிக்கா 326, அயர்லாந்து 317. 900ல் அயர்லாந்து கொஞ்சம் மீண்டது. அது 312, அமெரிக்கா 310. கடைசியாக 1000 கெஜம். அயர்லாந்துக்காரர்கள் தங்கள் குண்டுகளை எல்லாம் சுட்டு முடித்தார்கள். அவர்களின் மொத்தம் 931. அமெரிக்கா 930. பாக்கி இருந்தது ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு குண்டு.

கடைசி ஓவர், கடைசிப் பந்து மாதிரி. கிரீஸ்ல நிக்கிறவர் கர்னல் ஜான் பொடைன்.

அதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிதான் ஒரு விபத்து நடந்திருந்தது. பொடைன் தாகத்துக்கு ஒரு ஜிஞ்சர் பீர் பாட்டிலைத் திறந்தார். நம்ம ஊர் சோடா மாதிரி கேஸ் நிறைஞ்ச பானம். பாட்டில் கையிலேயே வெடித்தது. கண்ணாடி கிழித்து ரத்தம் கொட்டியது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வந்து படுத்தார். குறிபார்த்தார். சுட்டார்.

இப்போ அந்த நிமிஷத்தைக் கற்பனை பண்ணுங்க. வெள்ளைப் புகை மேகம். குண்டு பறக்கவே மூணு விநாடிக்குக் குறையாது. அது இரும்புல மோதின சத்தம் திரும்பி வர இன்னும் ரெண்டரை விநாடிக்கு மேல. அஞ்சாறு விநாடி மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. ‘டங்’! அப்புறம் பள்ளத்திலிருந்து மெதுவாக ஒரு தட்டு எழுந்தது. வெள்ளை. புல்ஸ்ஐ.

934க்கு 931. அமெரிக்கா ஜெயித்தது.

பட்ட குண்டு, கிடைக்காத பாயின்ட்

பொடைனின் கட்டுப்போட்ட கையைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. ஆனா அந்த மேட்ச்சோட முடிவு வேற இடத்துல இருக்கு.

அதே நாள், அயர்லாந்து அணியின் ஜே. கே. மில்னர் ஒரு குண்டு சுட்டார். அருமையான குண்டு. நேராகப் போய்க் கறுப்புக் கட்டத்தில் மோதியது. என்ன பிரச்சினைன்னா, அது அவரோட டார்கெட் இல்லை. பக்கத்து டார்கெட். விதிப்படி பூஜ்யம்.

கணக்கைப் போடுங்க. 931 கூட 4. 935. பொடைனின் புல்ஸ்ஐக்குப் பிறகும் அமெரிக்கா 934தான். மில்னரின் அந்த ஒரு குண்டு சரியான பலகையில் பட்டிருந்தால் அயர்லாந்து ஒரு பாயின்ட்டில் ஜெயித்திருக்கும். அவரோட கை நடுங்கலை. காத்துக்கணக்கு தப்பலை. ரைஃபிளும் சரியாத்தான் இருந்தது. ஒரே மாதிரி வரிசையாக நின்ற வெள்ளைச் சுவர்களில் எது தன்னுடையது என்பதில்தான் தடுமாறினார். இன்றைக்கும் சுடுதல் போட்டிகளில் அடுத்தவர் டார்கெட்டில் சுட்டால் மதிப்பெண் கிடையாது. அதனால்தான் எண்களை அவ்வளவு பெருசா, எட்டத்தில் இருந்தே தெரியும்படி எழுதி வைக்கிறார்கள்.

1875ல் அமெரிக்க அணி அயர்லாந்துக்குப் போனது. டப்ளின் பக்கத்தில் டாலிமவுன்ட்டில் நடந்த மறுபோட்டியில் 967க்கு 929 என்று சந்தேகமே இல்லாமல் ஜெயித்தது. பின்பக்கம் தோட்டா போடும் ரைஃபிள் பற்றிய வாதமும் அத்தோடு சரி. அடுத்த வருஷம் க்ரீட்மோரில் ஐந்து நாட்டு அணிகள் மோதின. பின்னாளில் பால்மா என்ற பேரில் புகழ்பெற்ற அந்தப் போட்டி இன்றும் அதே 800, 900, 1000 கெஜத்தில் நடக்கிறது.

அதற்குள் டார்கெட்டும் மாறியிருந்தது. சதுரத்தில் ஒரு அநியாயம் உண்டு. 3 அடிச் சதுரத்தின் பக்கம், மையத்திலிருந்து 18 அங்குலம். மூலையோ 25 அங்குலத்துக்கும் மேல். மூலையில பட்ட குண்டுக்கு 4, அதைவிட மையத்துக்குக் கிட்ட பக்கவாட்டுல பட்டதுக்கு 3 கிடைக்கலாம். அதனால் 1876 போட்டியில் புல்ஸ்ஐ 36 அங்குல வட்டமானது, அதற்கு 5 பாயின்ட். காலப்போக்கில் இரும்பும் போய்விட்டது. மரச்சட்டத்தில் துணியும் காகிதமும் ஒட்டி, பள்ளத்திலிருந்து மேலே ஏற்றி இறக்கும் முறை வந்தது. குண்டு பட்டதும் டார்கெட்டே கீழே இறங்கி வரும். ஆட்கள் பாதுகாப்பாக உள்ளே நின்றபடி ஓட்டையை அடைப்பார்கள். இப்போது பல இடங்களில் அந்த ஆட்களும் இல்லை. டார்கெட்டில் பொருத்திய மைக்ரோஃபோன்கள் குண்டின் அதிர்வலையைக் கேட்டு, எங்கே பட்டது என்று திரையில் காட்டிவிடும்.

பலகையைப் பிடுங்கியவர்கள்

அப்புறம் அந்தப் பண்ணை என்ன ஆச்சு?

நகரம் வளர்ந்தது. பொட்டல்வெளியாக இருந்த இடத்தைச் சுற்றி வீடுகள் வந்தன. வெடிச்சத்தம் பற்றிப் புகார்கள் கூடின. போட்டிகள் மேல் இருந்த ஆர்வமும் குறைந்தது. 1890களின் தொடக்கத்திலேயே நிலம் மாநில அரசிடம் திரும்பிப் போய்விட்டது. பெரிய போட்டிகள் நியூ ஜெர்சியின் சீ கர்ட் கடற்கரைக்கு இடம்பெயர்ந்தன. 1912ல் க்ரீட்மோரில் மனநல மருத்துவமனை வந்தது. அந்தப் பேரில் அது இன்றும் இயங்குகிறது.

விம்பிள்டனிலும் இதே கதைதான். காமனைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகின. பக்கத்தில் நிலம் வைத்திருந்த கேம்பிரிட்ஜ் கோமகன், தன் பக்கம் குண்டு வருமே என்று எதிர்த்தார். இத்தனைக்கும் அவர்தான் பிரிட்டிஷ் ராணுவத்தின் தலைமைத் தளபதி! 1890ல் சங்கம் மூட்டை கட்டிக்கொண்டு சர்ரே மாவட்டத்தின் பிஸ்லிக்குப் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஆரம்பத்துல ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன கேள்வி இதுதான். நிலம் யாருது, பக்கத்துல யார் இருக்காங்க. பத்திரத்துல பேர் இருந்தா பலகை நட உரிமை வந்துடும். ஆனா உங்க வேலி எங்கே முடியுதுன்னு குண்டுக்குத் தெரியாது. அதனால தூரத்துல ஒரு டார்கெட் நிக்கிற போட்டோவை அடுத்த தடவை பார்த்தா, டார்கெட்டை விட்டுட்டு அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாருங்க. அங்கே மண்மேடு இருந்தா அது சுடுதளம். வானம் மட்டும் தெரிஞ்சா, அது யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரரோட பிரச்சினை.

குவீன்ஸ்ல அந்தப் பக்கம் போறவங்களுக்கு இப்போ பலகை எதுவும் கண்ணுல படாது. தெருப் பேர்கள்தான் மிச்சம். மஸ்கட் தெரு, பிஸ்டல் தெரு, ரேஞ்ச் தெரு. அந்த விலாசத்துல குடியிருக்கிறவங்க வீட்டுக்குத் தினமும் பார்சல் வருது, கதவு எண்ணைச் சரிபார்த்துத்தான் டெலிவரி பண்ணுறாங்க. மில்னர் கேட்டா ஒத்துக்குவார், எண்ணைச் சரிபார்க்கிறது ரொம்ப முக்கியம்.